மூன்று பாலியும் ஒரு பாட்டிலும்

ஜூலை 1
இன்று உயிரியல் வகுப்பில் லூர்தம்மாள் மிஸ் சொன்னார்: “நீளமான பேரைப் பார்த்து மிரளாதீங்க. கோழியை வெட்டுற மாதிரி மூட்டு மூட்டா வெட்டுங்க.” முன்னால் ஒட்டியிருக்கும் துண்டிலேயே பாதி அர்த்தம் இருக்கிறதாம். டாக்கி என்றால் வேகம். பிராடி என்றால் மந்தம். ஹைப்பர் அதிகம், ஹைப்போ குறைவு. எல்லாம் கிரேக்கம். அம்மா பேசுவது டாக்கி. மண்ணூரில் நான் ஏறும் பஸ் பிராடி. கிரேக்கர்கள் இங்கே வந்து பார்த்துவிட்டுத்தான் வார்த்தை செய்தார்களோ?

ஜூலை 3
மாடி ரூமில் குடியிருக்கும் அருள்பாண்டி அண்ணனுக்கும் பாடம் எடுத்தேன். விருதுநகர்ப் பக்கத்துக்காரர். அப்பாவின் கம்பெனியில்தான் வேலை, ஆனால் கான்ட்ராக்ட். ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில். பாலி என்றால் ‘பல’ என்றேன். “அப்ப நான் பாலிதோசை, தாயி” என்று ஏழாவது தோசைக்குத் தட்டை நீட்டினார்.

ஜூலை 6
அப்பா கம்பெனியில் மெடிக்கல் செக்கப். பெர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும். பேர் ஒட்டிய பாட்டிலை நேற்றே கொடுத்துவிட்டார்கள். காலையில் அப்பா அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நம் வீட்டிலேயே பாத்ரூம் இருக்கிறதே? கேட்டேன். “தண்ணி வரல” என்றார். நான் அப்போதுதான் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நின்றிருந்தேன்.

ஜூலை 12
ரிப்போர்ட் அப்பா கைக்கு வந்தது. மாதக் கடைசியில் அவரே கம்பெனி டாக்டரிடம் காட்ட வேண்டுமாம். ஒரு வார்த்தைக்குக் கீழே சிவப்புக் கோடு: கிளைகோசூரியா. வெட்டினேன். கிளைகோ – இனிப்பு. யூரியா என்று முடிந்தால் சிறுநீர். சிறுநீரில் சர்க்கரை! கண்டுபிடித்த சந்தோஷத்தில் கை தட்டிவிட்டேன். பிறகுதான் அது அப்பாவின் ரிப்போர்ட் என்று உறைத்தது. அழுதேன்.

“லேப்ல மாத்தியிருப்பாங்க” என்றார் அப்பா.

“ஆமா, உன் ஒண்ணுக்கத் திருடிகினு போவ ஆள் கீது” என்றாள் அம்மா.

“யாராண்டயும் சொல்லாத. சுகர்னு தெரிஞ்சா போர்க்லிஃப்ட்ட புடுங்கிகினு பேக்கிங்ல போட்டுடுவானுங்க” என்றார் அப்பா.

சரக்குத் தூக்கும் அந்த வண்டிதான் அப்பாவுக்கு உயிர். அதைத் துடைக்க வீட்டிலிருந்து பனியன் துணி கொண்டுபோகிறவர்.

ஜூலை 13
பாகற்காய்.

ஜூலை 14
பாகற்காய். கேசரியில் அப்பாவின் பங்கு அருள்பாண்டி அண்ணனுக்குப் போனது.

“அவனுக்கு வேணாம்” என்றார் அப்பா.

“உனக்கு இல்லன்னா ஊருக்கே இல்லியா?” என்று அம்மா இன்னொரு கரண்டி வைத்தாள்.

ஜூலை 17
மிஸ்ஸிடம் கேட்டேன். சர்க்கரை நோய்க்கு மூன்று பாலி இருக்கிறதாம். பாலியூரியா, அடிக்கடி சிறுநீர். பாலிடிப்சியா, தீராத தாகம். பாலிஃபேஜியா, அடங்காத பசி. இன்று முதல் அப்பாவைக் கவனிக்கப் போகிறேன்.

ஜூலை 19
அப்பாவிடம் ஒரு பாலிகூட இல்லை. பாத்ரூம் வாசலில் காத்திருந்ததற்கு நல்ல திட்டு.

ஜூலை 21
அருள்பாண்டி அண்ணன் சாப்பிட வந்தார். செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். இன்னொரு செம்பு. “என்னா வெக்கை, மதினி!” வெளியே மழை. சாப்பாட்டுக்கு நடுவே இரண்டு தடவை மாடிக்கு ஓடினார். தோசையை எண்ணுவதை அம்மாவே நிறுத்திவிட்டாள். இவ்வளவு சாப்பிட்டும் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, கயிறு கட்டியிருக்கிறார்.

மூன்று பாலியும் என் எதிரில் உட்கார்ந்து சட்னி கேட்கின்றன.

பாட்டில் – மாடி – தண்ணி வரல.

அவர் போனதும் கேட்டேன்: “அப்பா, அந்தப் பாட்டில்ல இருந்தது யாரோடது?”

அப்பாவின் வாயில் பாகற்காய். மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

“எனக்கு சுகர் கிகர் இருந்து வண்டி பூடுமோன்னு பயம்மா. அவன் கல்லு மாதிரி கீறான், சின்ன வயசு, அவனுக்கு இன்னா இருக்கப் போவுதுன்னு…”

“அதுக்கோசரம் இத்தினி நாளா வாயத் தொறக்காம பாகற்காய தின்னியா?” அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கு வரவில்லை. உன் பங்கு கேசரி எல்லாம் அந்த அண்ணனுக்குத்தானேப்பா போட்டோம்? தெரிஞ்சும் பாத்துக்கினே இருந்தியா? கத்திவிட்டேன். அம்மா சிரிப்பை நிறுத்தினாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போனார்.

ஜூலை 22
அப்பா லீவு போட்டு, அண்ணனை ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நர்ஸ் விரலில் குத்தி மெஷினைப் பார்த்தார். நம்பாமல் வேறு விரலில் குத்தினார். உடனே அட்மிட். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நினைவில்லாமல்தான் தூக்கி வந்திருப்பீர்கள் என்றாராம் டாக்டர்.

சாயங்காலம் அம்மாவோடு போனேன். “உங்களுக்கு ஒத்தாசை செய்யப் போயி எனக்கு நோவு கண்டுபுடிச்சுட்டீகளேண்ணே” என்று அண்ணன் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அப்பாவுக்கும் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை.

ஜூலை 26
கம்பெனியில் அப்பா உண்மையைச் சொல்லிவிட்டார். மெமோ கொடுத்தார்கள். விசாரணை முடியும்வரை பேக்கிங்.

“கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கும் பாட்டில் குடுங்க சார்னு சொல்லிட்டு வந்தேன்.”

“மெமோவ வாங்கிகினேவா?” என்றாள் அம்மா.

“வாங்கி பாக்கெட்ல வெச்சிகினுதான்.”

ஆகஸ்ட் 4
அண்ணன் வந்துவிட்டார். ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறார். மூன்று தோசையோடு நிறுத்திக்கொண்டார். அம்மா அவர் தட்டில் பாகற்காய் வைத்தாள். மருந்தைப் பார்த்த குழந்தை மாதிரி முகம் போனது.

அப்பாவுக்குக் கேசரி. ரொம்ப நாள் கழித்து. கையில் எடுத்தவர், அண்ணனின் தட்டைப் பார்த்தார். கிண்ணத்தைத் தள்ளினார்.

“எனக்கும் அதையே போடு.”

அம்மா போட்டாள், குவித்து. இது ஹைப்பர் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா கரண்டியோடு என் பக்கம் திரும்பினாள். நானும் தட்டை நீட்டினேன்.