அமரர் என்ற சொல்லை எடுத்துவிட்டோம்

எழுத்து ஏறி இறங்கித்தான் இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு வரி முடிவதற்குள் விரல் வலிக்கிறது. நீ இருந்தால் இந்தக் காகிதத்தைப் பிடுங்கித் தெரு முழுக்கக் காட்டிச் சிரித்திருப்பாய். இனி அது உன்னால் முடியாது. அதை நினைத்தாலே எனக்கு எழுத உற்சாகம் வருகிறது.

மேசைமேல் உன் பென்டிரைவ் கிடக்கிறது. தொலைந்துவிடக் கூடாதென்று ஜரிகை நூலில் முடிச்சுப் போட்டு வைத்தாயே, அதுதான். நல்ல ஜரிகையை இதற்கா பாழாக்குவது என்று அன்றைக்கே திட்டினேன். இன்று காலையிலும் அதைப் பார்த்துத் திட்டிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுகிறவன், நான் அதை நெய்கிறவன். நீ வரைந்ததை என் ஜக்கார்டு தறிக்குப் புரியும் கோப்பாக மாற்ற ஒரு கம்பைலரை நீயே எழுதி வைத்திருந்தாய். அதற்கு அப்படியே உன் குணம். கோப்புறையின் பெயரில் இரண்டு சொற்களுக்கு நடுவே இடம் விட்டால், முதல் சொல்லோடு பெயர் முடிந்தது என்று முடிவு கட்டிக்கொண்டு முரண்டு பிடிக்கும். அதைச் சரிசெய்யச் சொல்லி உன் மகள் சுமதி எத்தனையோ முறை கேட்டாள்.

"எடம் உடாம பேர் வெச்சா தேஞ்சா போயிடுவ?" என்றாய்.

நானும் எட்டிப் பார்த்து, "தெரையில இன்னா போட்டுக்கீது?" என்று கேட்டேன்.

"கைநாட்டுக்கு அது எதுக்குடா? போய்த் தறியில உக்காரு."

நான் தூக்கி வளர்த்த அந்தப் பெண் முன்னால் சொன்னாய். மறுவாரமே மாலை வகுப்பில் சேர்ந்தேன். அறிவை வளர்க்க அல்ல, உன் எதிரில் உட்கார்ந்து உன் திரையைப் படித்து உன் வாயை அடைக்க. நான் எழுத்துக் கூட்டத் தொடங்கிய சமயத்தில் நீ மாரடைப்பில் போய்விட்டாய். நழுவுவதில் நீ எப்போதும் கெட்டிக்காரன்.

உன் காரியம் முடிந்த மறுநாள் ஒரு வம்பு வந்தது. நீ கடைசியாக வரைந்த முகூர்த்தப் புடவைக்குத் தறி தயாராக இருந்தது. கம்பைலர் ஓடவில்லை. அன்று மாலைக்குள் நெசவு தொடங்காவிட்டால் வேறு தறிக்குக் கொடுத்துவிடுவோம் என்று சேத்துப்பட்டிலிருந்து பெண் வீட்டார் போனில் சொல்லிவிட்டார்கள்.

"நேத்து வரைக்கும் ஓடிகினு இருந்துச்சு மாமா. ஒரே பேஜாரா கீது" என்றாள் சுமதி.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். உன் நாற்காலியில்தான். தவறு நேர்ந்தால் காட்டும்படி நீ தமிழிலேயே எழுதி வைத்திருந்த வாசகத்தை விரல் வைத்து மெதுவாகப் படித்தேன்: "அமரர் என்ற கோப்புறை இல்லை."

முழு வாக்கியம். யார் உதவியும் இல்லாமல் படித்தேன். உன் முகம் பார்க்க முடியாமல் போனதுதான் ஆத்திரம்.

சுமதி தலையில் கை வைத்துக்கொண்டாள். அஞ்சலி போஸ்டரிலும் உன் படத்துக்குக் கீழேயும் போட்டதுபோல, 'அப்பா' என்று இருந்த உன் கோப்புறையையும் முந்தின நாள் 'அமரர் அப்பா' என்று மாற்றியிருக்கிறாள். துக்கத்தில் உன் கம்பைலரின் புத்தி அவளுக்கு மறந்துபோயிருக்கிறது.

"நடுவுல ஒரு கோடு போட்டு ஒட்டிட்டா ஓடும் மாமா."

"ஒட்டாதம்மா. அவனுக்கு எதுக்கு இந்த மரியாத? அந்த வார்த்தையவே எடுத்துடு."

அவள் கை அப்படியே நின்றது. "எடுத்தா அப்பா இன்னும் இருக்கிற மாதிரி ஆயிடுமே."

"இருந்துட்டுப் போவட்டும். நான் திட்ட வேண்டியது நெறைய பாக்கி கீது."

அழுதுகொண்டே சிரித்தாள். எடுத்தாள். கம்பைலர் ஓடியது. இருட்டுவதற்கு முன்பே உன் முதல் பூ என் தறியில் தெரிந்தது.

இறந்தவர் பெயருக்கு முன்னால் அமரர் என்று எழுதுவதுதான் மரியாதை என்று வகுப்பில் ஆசிரியை சொல்கிறார். எழுதத் தெரியும், உனக்குப் போட மாட்டேன். பென்டிரைவையும் சுமதியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். நெய்யும்போது சட்டைப் பையில் இருக்கிறது. அந்த ஜரிகை முடிச்சு நெஞ்சில் குத்துகிறது, அவிழ்க்கவில்லை.

அடுத்த வாரம் புடவை தறியிலிருந்து இறங்கும். உன் டிசைனில் ஒரு பூ கோணியிருந்தாலும் எழுதுவேன். கோணாவிட்டாலும் எழுதுவேன்.