வாடாமல்லி நிறத்தில் ஒரு சிப்

போன மாதம் மாட்டுங்கா ஜவுளிக்கடையில் என் நாத்தனார் ஒரு பட்டுப்புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள். கடைக்காரர் பதறிப்போய்ப் பின்னாலேயே வந்தார். "கடை லைட்ல எந்தக் கலரும் நெஜமில்ல அண்ணா, வெளில பாத்துட்டுத் தரேன்" என்றாள். எனக்கு உன்மேல் அப்படியொரு கோபம் வந்தது. செத்துப்போன சிநேகிதியைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டினேன்.

நம் செம்பூர் ஆய்வகத்தில் நாம் செய்தது கண்ணுக்கே தெரியாத நுண்கருவிகள் கொண்ட சிப். மின்சாரத்தை நிறுத்தினாலும் போட்ட கணக்கை அது மறக்காது. ஆனால் அடியிலுள்ள ஆக்சைடு படலம் சரியான கனத்துக்கு மெலிய வேண்டும். அமிலத்தில் இத்தனை நிமிடம் என்று நம் ஆய்வுக் கட்டுரையில் எழுதியது நான். நீயோ கடிகாரத்தைப் பார்த்ததே இல்லை. படலம் மெலிய மெலிய நிறம் மாறும். மயில்கழுத்து போய் வாடாமல்லி வந்ததும் எடுத்துவிடுவாய். சிப் செய்கிறோமா, புடவை எடுக்கிறோமா என்று கத்துவேன். "டென்ஷன் மத் லே, பதறாதேடீ. கடியாரத்துக்குக் கண் இருக்காடீ?" என்பாய்.

காய்ச்சல் என்று லீவு போட்ட நீ திரும்பி வரவேயில்லை. அதன்பின் ஒரு சிப்கூட வேலை செய்யவில்லை. வேறொரு ஆய்வகமும் நம் கட்டுரைப்படி செய்த சிப் வேலை செய்யவில்லை என்று எழுதியது. கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்றார் துறைத் தலைவர். உன் பெயர் முதலில் இருக்கும் ஒரே கட்டுரை அது. இத்தனைக்கும் நானும் வாடாமல்லி வந்த பிறகுதான் எடுத்தேன்.

புடவை வாசலுக்குப் போனபோதுதான் உறைத்தது. நம் அறை முழுக்க மஞ்சள் விளக்கு. நீ ஒவ்வொரு முறையும் சிப்பைக் கழுவி, டப்பாவில் மூடி, வராந்தா ஜன்னலுக்கு எடுத்துப்போவாய். தூசி படும், அந்த முழு அங்கியை மறுபடி மாட்டவேண்டும், காற்று வாங்க இதுவா நேரம் என்று எரிந்துவிழுவேன். சிரித்துக்கொண்டே போவாய். பக்கத்து வீட்டு மாமியின் மருமகள் கதையை மணிக்கணக்கில் சொன்ன வாய்க்கு, பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும் என்று ஒரு வரி சொல்ல முடியவில்லையா?

அடுத்த திங்கட்கிழமை நானும் ஜன்னலுக்குப் போனேன். அப்படிப் பார்த்து எடுத்த சிப், மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுத்த பிறகும் போட்ட எண்ணை அப்படியே காட்டியது. கட்டுரையில் நிமிடத்தை அடித்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் நிறம் பார்க்கவும் என்று திருத்தம் அனுப்பிவிட்டேன். உன் பெயர் முதலிலேயே இருக்கிறது. உன்னிடம் சண்டை போடத் திரும்பினால், உன் நாற்காலியில் புதிதாகச் சேர்ந்த பெண்.

இப்போதெல்லாம் ஜன்னலுக்குப் போகும்போது எதற்குப் போகிறேன் என்று அவளிடம் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். கேட்டுக் கேட்டு அவளுக்குச் சலித்துவிட்டது. சலிக்கட்டும். உன்னை மாதிரி சொல்லாமல் போக எனக்கு மனசு வராது.