றாபிளில் விழுந்த கார்

1979 ஏப்ரல் 29, ஞாயிறு

கோயில் கானிவலில் இன்று றாபிள் சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு இரண்டாம் பரிசு விழுந்தது. முதல் பரிசு எலெக்ட்ரிக் அயன். எனக்குக் கிடைத்தது ஒரு மட்டைப்பெட்டி, மேலே சிவப்பு வொக்ஸ்வாகன் காரின் படம். பெரியாஸ்பத்திரி ஒப்பரேஷன் தியேட்டரில் மிஸ்ஸியாக, அதாவது நேர்ஸாக, வேலை செய்து பென்ஷன் வாங்கியவளுக்கு, ஐம்பத்தேழு வயதில் விளையாட்டுக் கார்! பாதர் கை தட்டினார். கானிவலே சேர்ந்து தட்டியது. தங்கச்சி றோஸி மட்டும் தட்டவில்லை.

ஈஸ்டரிலிருந்து அவள் என்னோடு கதைக்கிறதில்லை. ஒரே வீடு, ஒரே சோற்றுப்பானை. அவளுடைய தையல் மெஷின் சத்தம்தான் எனக்குப் பதில்.

ஈஸ்டர் அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். அவுஸ்திரேலியாவில் மெல்போனிலிருந்து லீவில் வந்திருந்த செபஸ்தியன், செத்துப்போன அண்ணனின் மகன், சாப்பாட்டு மேசையில் கேட்டான்: "ரெண்டு மாமியும் என்னட்டை வந்திடுங்கோவன். விசா அலுவல் நான் பாக்கிறன்." நான் உடனே சொன்னேன்: "நாங்கள் வரேல்லை ராசா. எங்களுக்கு இந்தக் கொழும்புக் கொட்டாஞ்சேனை போதும்."

றோஸி கரண்டியைக் கீழே வைத்தாள். அதோடு சரி.

ஏப்ரல் 30

பெட்டியைத் திறந்தால் உள்ளே எல்லாம் துண்டு துண்டு! கதவு ஒரு பக்கம், சில்லு ஒரு பக்கம். உடைந்த சாமானை எனக்குத் தள்ளிவிட்டார்களே என்று வந்த கோபத்தில் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாதர் இருக்கிற மிசன் வீட்டுக்குப் போனேன். பாதர் சிரிப்பை அடக்க இருமினார். பரிசைக் கொடுத்தவரையே ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

வந்தவர் வின்சன்ற், துறைமுகத்தில் சரக்குச் சரிபார்க்கிற கிளார்க். பூசைக்கு வரும்போது பார்த்திருக்கிறேன், கதைத்ததில்லை. கப்பல்காரர்களிடம் சொல்லிவைத்து இப்படிப் பெட்டிகள் எடுப்பாராம்.

"மிஸ்ஸி, இது உடைஞ்சதில்லை. இனித்தான் ஒட்டவேணும்."

"ஆர் ஒட்டுறது?"

"நீங்கள்தான். அதுதானே இதிலை விளையாட்டு."

போகிற வழியில் தன் வீட்டு வாசலில் நிறுத்தி, கண்ணாடி அலுமாரியைக் காட்டினார். கை நீளத்துக்குக் கார்கள், பஸ், ஒரு தீயணைப்பு லொறி. எல்லாம் ஒட்டி, சாயம் பூசி, இப்போதே ஸ்டார்ட் பண்ணலாம் போல. மனைவி இறந்த பிறகு தொடங்கினாராம். "பின்னேரத்திலை கை சும்மா இருந்தாப் போத்தலைத் தேடும் மிஸ்ஸி" என்றார். நேரே சொல்கிற மனிதர்.

மே 1

மேதினம். ஊர்வலம் பார்க்கப் போகவில்லை. எஞ்சின் ஒட்டினேன்.

மே 3

பசை கூடிப்போய் என் பெருவிரல் ரேகை சில்லுக்கு மேலுள்ள மட்காட்டில் அப்படியே பதிந்துவிட்டது. பொலிஸ் வந்தால் தப்ப முடியாது. அரத்தாளால் தேய்க்கச் சொன்னார் வின்சன்ற். தேய்த்தேன். பின்னேரம் முழுக்கப் போனது, ஒரு தரம்கூட மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. பென்ஷன் எடுத்த பிறகு இப்படி ஒரு பின்னேரம் வந்ததா? இல்லை.

மே 8

காலையில் மேசைக்கு வந்தால், காரின் முன் பம்பரில் ஒரு வெள்ளைப் புள்ளடி, பிழைக்குப் போடுகிற பெருக்கல் குறி. தையல் சோக்கட்டியால் கீறியது! உற்றுப் பார்த்தேன். பம்பரைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறேன்.

றோஸி மெஷினில் குனிந்திருந்தாள். கல்யாணப் பிறொக்குக்கு லேஸ் வைத்துக்கொண்டிருந்தாள். நானும் ஒன்றும் தெரியாதவள் போலப் பம்பரைக் கழற்றித் திருப்பி ஒட்டினேன். ஒட்டி முடித்தபோது மெஷின் ஒரு கணம் நின்று, பிறகு ஓடியது.

மே 12

இன்று வேண்டுமென்றே ஒரு சில்லைச் சரித்து வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனேன். திரும்பி வந்தால் சில்லில் மட்டுமல்ல, பக்கத்தில் விரித்திருந்த கடதாசி முழுக்க ஒரு பெரிய புள்ளடி. குசினிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவளும் அந்தப் பக்கம் சிரித்திருப்பாள். தெரியாது.

மே 19, சனி

வின்சன்ற் சாயம் கலந்து கொண்டுவந்தார். றோஸி அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, மழையிலிருந்து மீன் விலை வரைக்கும் கதைத்தாள். நான் பக்கத்தில் இருக்கிறேன், என்னை ஒரு கதிரை மாதிரித் தாண்டிப் பார்க்கிறாள். கடைசியில் அவரிடம் சொல்கிறாள்: "உங்கடை மிஸ்ஸிக்குக் கார்ச் சீற் உறை தைக்கத் துணி வேணுமெண்டாக் கேக்கட்டும்."

"கேக்கிறா" என்றேன், நானும் வின்சன்றைப் பார்த்து.

அவர் இரண்டு பக்கமும் பார்த்து, "நான் இடையிலை தபால்காரனோ?" என்றார். ஆனால் துணி வந்தது. கறுப்புச் சாட்டின், நகத்தளவில் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து. அந்தத் தையலைப் பார்க்க என் மூக்குக்கண்ணாடி போதவில்லை.

மே 26, சனி

பாழாய்ப் போச்சு. எல்லாம் பாழ்.

முன் கண்ணாடியை ஒட்டினேன் – ஒரு சொட்டுப் பசை கூடிவிட்டது – பொங்கி வெள்ளையாய்ப் படர்ந்து, கண்ணில் பூ விழுந்த மாதிரி ஆகிவிட்டது. துடைக்கத் துடைக்கக் கூடுது. இந்தக் கையாலை எத்தினை ஒப்பரேஷனுக்குச் சாமான் எடுத்துக் குடுத்தனான், நடுங்கினதில்லையே! அழுதேன். ஒரு பிளாஸ்ரிக் காருக்காக மேசையில் தலை வைத்து அழுதேன். காருக்காகவோ? எனக்கே விளங்கவில்லை.

பின்னால் றோஸியின் குரல். "என்ன, நாளைக்குக் கண்டிக்கு ஓட்டிக்கொண்டு போகவேணுமோ? ஒரு கண்ணாடிதானே."

ஈஸ்டருக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு. நான் இன்னும் கூடி அழுதேன். அவள் கதிரையை இழுத்து எதிரே இருந்தாள்.

"அக்கா, நீ ஏன் என்னைக் கேக்கேல்லை?"

"நீ போகமாட்டாய் எண்டு நினைச்சன்."

"நினைச்சாய். நான் பிறந்ததிலையிருந்து எனக்கும் சேத்து நீதான் நினைக்கிறாய். நான் மடு மாதா கோயிலைத் தாண்டி எங்கை போயிருக்கிறன்? ஊர் முழுக்கப் பொம்பிளையளுக்குக் கல்யாணப் பிறொக் தைச்சு அனுப்புறன், எல்லாரும் எங்கையாவது போகினம். எனக்கு ஒருக்காப் போய்ப் பாக்க ஆசையக்கா."

"அப்ப நானும் வரட்டோ?"

"உனக்கு விருப்பமோ?"

யோசித்தேன். பொய் சொல்ல வரவில்லை. "இல்லை."

"அப்ப நான் தனியப் போறன்" என்றாள். முகத்தைப் பார்த்தேன். தையல் வேலையை முடித்து நூலைக் கடிக்கும்போது அவளுக்கு ஒரு முகம் வரும், அந்த முகம். "ஆறு மாசம். பிடிச்சா இருப்பன், பிடிக்காட்டி வாறன்."

"போ" என்றேன். சொல்ல மனம் இருக்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன். பிறகு இரண்டு பேரும் சோறு போட்டுச் சாப்பிட்டோம். ஒரு மாதத்துக்கும் மேலான கதையெல்லாம் வந்தது. மீன் குழம்பு ஆறிப்போனது.

மே 28

காலையில் கண்விழிக்கும்போதே ஒரு யோசனை. பென்ஷனுக்கு முன்னம் எடுத்த என் நெஞ்சு எக்ஸ்றேப் படம் பெட்டிக்குள் கிடந்தது. பிளீச்சிங் பவுடர் கரைத்து அதை ஊறப்போட்டேன். விலா எலும்பெல்லாம் கழுவிப் போய், பிலிம் கண்ணாடி மாதிரித் தெளிந்துவிட்டது, மெல்லிய நீலத்தோடு. பழைய கண்ணாடியை அளவு வைத்து வெட்டினேன். றோஸி கத்தரிக்கோலைப் பிடுங்கி, "இது என்ரை வேலை" என்று ஓரத்தைச் சரிபண்ணினாள். அச்சுக் குத்தினமாதிரிப் பொருந்தியது.

பின்னேரம் வின்சன்ற் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்.

"வெய்யிலுக்கு நீலக் கண்ணாடி! பெட்டியிலை இது வரேல்லையே! எங்கை எடுத்தனீங்கள்?"

"என்ரை நெஞ்சுக்குள்ளையிருந்து" என்றேன்.

மனிதர் அதை எப்படி எடுத்தாரோ, காது சிவந்து போச்சு. றோஸி சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு டோரின் எட்டிப் பார்த்தாள்.

ஜூன் 9

கார் முடிந்தது. தன் அலுமாரியில் வைக்கலாம் என்றார் வின்சன்ற். கொடுக்கமாட்டேன் என்றேன். றேடியோவுக்கு மேல் நிற்கிறது. அடுத்த கப்பலில் ஒரு பஸ் வருகிறதாம்.

ஓகஸ்ட் 16

றோஸிக்கு விசா கிடைத்துவிட்டது. அவள் துள்ளினாள். நான் குசினியில் வெங்காயம் உரித்தேன். தேவைக்கு மேல் உரித்துவிட்டேன்.

செப்டெம்பர் 22

வின்சன்ற் ஒரு வான் பிடித்துக்கொண்டு வந்தார். கட்டுநாயக்கா வரைக்கும் றோஸி வாய் மூடவில்லை, பயத்தில். விமானநிலைய வாசலில் என்னை விட்டுவிட்டு அவரிடம் சொன்னாள்: "அக்கா தனியச் சமைச்சா ஒரு கறியோடை விட்டிடுவா. சனிக்கிழமையிலை வந்து பாருங்கோ. வெறுங்கையோடை வராதையுங்கோ, மீன் வாங்கிக்கொண்டு வாங்கோ."

"றோஸி!" என்றேன்.

"நான் உனக்காகக் கதைக்கேல்லை. மீனுக்காகக் கதைக்கிறன்."

கட்டிப்பிடித்தாள். உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் வந்துவிடுவாள், எனக்குத் தெரியும். திரும்பும் வழியில் நீர்கொழும்பு வீதியில் வின்சன்ற் வானை நிற்பாட்டச் சொல்லி எனக்கு இளநீர் வாங்கித் தந்தார். குடித்து முடியுமட்டும் பக்கத்தில் நின்றார். அது நல்லாயிருந்தது.

செப்டெம்பர் 25

மெஷின் சத்தம் இல்லாத வீடு. எப்பிடி இருக்கப்போறன்?

ஒக்டோபர் 13, சனி

டோரின் வீட்டுக்கு மெல்போனிலிருந்து டெலிபோன் கோல். ஓடிப்போய் எடுத்தேன்.

"அக்கா, நான் தனிய ட்ராமிலை போனனான்! பிழையான இடத்திலை இறங்கிப்போட்டன், பிறகு கேட்டுக் கேட்டு வந்திட்டன்!" அம்பத்திரண்டு வயசுக் குமரி! ஒரு சிங்களப் பிள்ளைக்குக் கல்யாண உடுப்புத் தைக்கிற வேலையும் பிடித்துவிட்டாளாம். குளிர்தான் பிடிக்கவில்லையாம். "நீ சுகமோ?" என்றாள்.

"சுகம். பஸ்ஸுக்கு ரெண்டாந் தட்டு ஒட்டுறம்."

"ஒட்டுறமோ?" என்று இழுத்தாள். லைன் அறுந்துவிட்டது. அல்லது வைத்துவிட்டாள்.

நவம்பர் 17, சனி

இதை எழுதவேண்டும், எப்படி எழுதுவது?

வின்சன்ற் பாரை மீனோடு வந்தார். நான் ஆக்கினேன், சாப்பிட்டோம், பஸ்ஸுக்குச் சாயம் பூச உட்கார்ந்தோம். தூரிகையைக் கழுவிக்கொண்டே சொல்கிறார்:

"மிஸ்ஸி, என்ரை வீட்டிலை வேலை செய்ய நல்ல மேசை கிடக்கு. ஆனா வெளிச்சம் இல்லை. உங்கடை வீட்டிலை வெளிச்சம் இருக்கு, மேசைதான் ஆடுது."

"அப்ப மேசையைக் கொண்டுவாங்கோ."

"மேசையை மட்டுமோ?"

நான் தலையை நிமிர்த்தினேன். மனிதர் என்னைப் பார்க்கவில்லை, தூரிகையைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறார். அதில் சாயமே இல்லை. அறுபது வயது மனிதர், தியேட்டருக்கு முதல் நாள் வந்த பிள்ளைகள் கை கழுவுகிற மாதிரிக் கழுவுகிறார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஊர் சிரிக்கும்" என்றேன்.

"சிரிக்கட்டுமே. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

றோஸியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. இது என்னைக் கேட்ட கேள்வி. "ஓம்" என்றேன். பிறகு, "தூரிகையை வையுங்கோ, மயிரெல்லாம் கொட்டப்போகுது" என்றேன்.

நவம்பர் 18

டோரின் வீட்டிலிருந்து றோஸிக்குக் கோல் எடுத்தோம். றோஸி சொன்னது: "இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள் ரெண்டுபேரும்?"

1980 ஜனவரி 6, ஞாயிறு

பூசை முடிவில் பாதர் எங்கள் கல்யாண அறிவித்தலை முதல் தடவை வாசித்தார். பின்வரிசை வாங்கில் யாரோ இருமினார்கள். வின்சன்ற் திரும்பிப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கோயில் முழுக்கச் சிரித்தது, பாதரும்தான்.

ஜனவரி 19, சனி

கல்யாணத்துக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கிறது. மாப்பிள்ளைக்கு முதல் அவருடைய அலுமாரி வந்துவிட்டது.

கார்களை ஒவ்வொன்றாகச் சேலைத்துணியில் சுற்றி நானும் டோரினும் கூடையில் தூக்கினோம். அலுமாரியை நான்கு துறைமுகத் தொழிலாளர்கள் கைவண்டியில் கொண்டுவந்தார்கள். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. றோஸியின் தையல் அறையில்தான் வைக்கவேண்டும் என்பது மெல்போன் கட்டளை. அவள் அங்கேயே இருக்கப்போகிறாளாம், இனிக் கிறிஸ்மஸுக்குத்தான் வந்து போவாளாம்.

முன் வாசலால் நுழைந்தது. அறை வாசலில் நின்றுவிட்டது. சரித்தும் பார்த்தார்கள், திருப்பியும் பார்த்தார்கள். "மெல்ல, மெல்ல, கண்ணாடி!" என்று வின்சன்ற் அங்கும் இங்கும் ஓடினார். கடைசியில் நான் ஆணி கழற்றும் சாவியை எடுத்து அறைக் கதவையே கழற்றிவிட்டேன். அலுமாரி ஒரு நூலிடைவெளியில் உள்ளே போனது. எல்லோருக்கும் பிளேன்டீ கொடுத்தோம்.

கதவு இன்னும் முற்றத்துச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. பிறகு மாட்டலாம் என்றார் வின்சன்ற். நானும் அவசரப்படுத்தவில்லை.