வாசலில் நின்ற வெள்ளிக்கிழமை

மைனி,

நாட்டு மருந்துக்கடையில் இன்று தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்ததும் உங்கள் அடுக்களை வாசனை. எனக்கும் மாதவிடாய் நின்றுவிட்டது. கழுத்திலிருந்து குபீரென்று சூடு ஏறுகிறது. விளக்கை ஏற்றி முடிப்பதற்குள் ரவிக்கை நனைந்துவிடுகிறது.

உங்களுக்கு அந்தச் சூடு வந்த வருஷம், மில்லிலிருந்து வந்த என் அண்ணன் விசிறியை நிறுத்தினால் போதும், "நான் இங்கன வேகுதேன், ஒங்களுக்குக் குளிருதோ?" என்பீர்கள். பாலில் இந்தப் பொடி, காலையில் உளுந்தங்களி, நடுவே எள்ளுருண்டை. "ஒடம்புல வத்துனதச் செடி கொஞ்சம் குடுக்குமாம், ஏட்டி" என்றீர்கள். சூடு தணிந்தது, தூக்கமும் வந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

நின்றுபோனதில் உங்களுக்கு ஒரு சந்தோஷம்: இனி வெள்ளிக்கிழமை பாபநாசம் கோவிலுக்குத் தடையில்லை. இரண்டு வருஷம் அப்படித்தான் போனீர்கள். பிறகு முழங்கால் வலி என்று அவ்வப்போது வராமலிருந்தீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை கோவில் வரை வந்து, பூக்கூடையை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றீர்கள்.

"என்ன மைனி, உள்ள வரலையா?"

"வரப்பிடாதுட்டி. மறுபடி வந்துட்டு. கிழங்கு வேல செய்யுது பாரு!" என் காதோரம் குனிந்து சிரித்தீர்கள். "ஒங்க அண்ணன்ட்ட சொல்லிராத. கெழவி கொமரியாயிட்டான்னு கேலி பண்ணுவாவ."

சந்நிதியில் எனக்கு மனசு நிற்கவில்லை. மறுநாளே உங்களை அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன்.

"இதக் கிழங்கு வேலைன்னு நீங்களே முடிவு பண்ணப்பிடாதும்மா," என்றார் டாக்டரம்மா. "நின்னு ஒரு வருசம் ஆனப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் ஒடனே வந்து பாக்கணும். எத்தன மாசமா இருக்கு?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோவிலுக்கு வராத வெள்ளிக்கிழமைகளின் முழங்கால் வலி என்ன வலி என்று அப்போதுதான் தெரிந்தது. கர்ப்பப்பையில் புற்று. பரவியிருந்தது. அடுத்த ஆடிக்கு நீங்கள் இல்லை.

நான் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இந்தப் பொடியை வாங்கினேன், மைனி.

போன வெள்ளிக்கிழமை, எங்களோடு கோவிலுக்கு வரும் எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்றுகொண்டாள். என் வயதுதான்.

"நீங்க போயிட்டு வாங்கக்கா. நான் இங்கனயே நிக்கேன்."

"ஒனக்குத்தான் எப்பவோ நின்னுட்டுல்லா?"

"பைய பேசுங்க, ஆம்பளைய நிக்காவ!"

அன்று நானும் உள்ளே போகவில்லை. வாசலில் நின்றே அம்மனைக் கும்பிட்டு, பூக்கூடையை இன்னொருத்தியிடம் கொடுத்தேன். எதிர்வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு அம்பாசமுத்திரம் பஸ் ஏறினேன்.