ஐஸ் பெட்டியில் இருக்கும் ரூஹியின் சளி மாதிரி

அனுப்புநர்
சு. தாஹிரா, பி.எஸ்சி. (நுண்ணுயிரியல்),
க/பெ. சுஹைப்,
ராயபுரம், சென்னை.

பெறுநர்
மண்டல நல அலுவலர் அவர்கள்,
வடசென்னை.

பொருள்: காய்ச்சலில் இறந்த என் மகள் ரூஹியிடம் எடுத்த சளி மாதிரியை இன்றே ஆய்வகத்துக்கு அனுப்ப உத்தரவு வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் ரூஹிக்கு நான்கு வயது. திங்கட்கிழமை காய்ச்சலோடு எங்கள் பகுதி சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் சென்றேன். ஃப்ளூவாக இருக்கலாம் என்று மருத்துவர் மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்தார். மறுநாள் இரவு பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றுவிட்டது. புதன் காலை அடக்கம் செய்தோம்.

2. மாதிரியை எடுத்துப்போக வேண்டிய வண்டி மழையில் வரவில்லை. புதன் மாலை என் கணவர் போய்க் கேட்டபோது, கரண்ட் இல்லாமல் நிலையத்தின் குளிர்பெட்டியும் நின்றிருந்தது. “கொயந்தையே இல்ல, இனிமே ரிசல்ட்ட வெச்சுகினு இன்னா பண்ணப் போற பாய்?” என்றாராம் செவிலியர். அவர் மேல் எனக்குப் புகார் இல்லை. சொல்லிவிட்டு அவரும் அழுதாராம்.

3. என் கணவர் காசிமேட்டில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் போடுகிறவர். அங்கே போய், தெர்மாகோல் பெட்டியும் உடைத்த ஐஸும் கொண்டுவந்தார். வெளிநாட்டுக்குப் போகும் இறாலுக்குப் போடுவதுபோல் கீழே ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு, நடுவில் மாதிரி இருந்த அந்தச் சின்னக் குப்பி. காலையில் மகளுக்கு மண் தள்ளிய கை அது. குளிர்பெட்டி இன்னும் ஓடவில்லை. அவர்தான் போய்ப் போய் ஐஸ் மாற்றிவருகிறார். இப்போது வண்டி வருகிறது. ஆனால் நோயாளி இறந்துவிட்டதால் தங்கள் கையெழுத்து இல்லாமல் ஏற்றமாட்டார்களாம்.

4. ரூஹிக்கு ஜூன் மாதம்தான் ஃப்ளூ தடுப்பூசி போட்டோம். இந்த வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கும். பல ஊர்களிலிருந்து வரும் மாதிரிகளைப் பார்த்துத்தான் அடுத்த ஊசியில் எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்வார்கள். கல்லூரியில் பத்து மதிப்பெண் கேள்விக்கு நானே எழுதிய விடை இது. எங்கள் ஊரின் சளி மாதிரி போகாவிட்டால், எங்கள் தெருவில் சுற்றுவது எதுவென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? உருமாறாத பழைய வைரஸாகவே இருக்கலாம். இருக்கட்டும், அதுவும் தெரியட்டும்.

5. எதிர்வீட்டு கெங்கம்மா, “ஊசி போட்ட கொயந்தையே பூட்ச்சு, எம்பேரனுக்கு வாணாம்மே” என்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் என் மகள் பெயரைச் சொல்லித்தான் ஊசியை வேண்டாம் என்கிறார்கள். என் கைக்குழந்தை தௌசீஃபுக்கு நான் போடத்தான் போகிறேன்.

ஆகவே, மாதிரி கெட்டுப்போகும் முன் தாங்கள் இன்றே கையெழுத்திட்டு அனுப்பிவைக்க வேண்டுகிறேன். வண்டியில் இடமில்லை என்றால் என் கணவரே ஆய்வகம் வரை பெட்டியைச் சுமந்து செல்வார்.

குச்சி விடும்போது ரூஹி, “வுடும்மா, வலிக்குதும்மா” என்று அழுதாள். அவள் இரண்டு கையையும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். உன் நல்லதுக்குத்தான் கண்ணு என்று சொன்னேன். அவளுக்கு ஆகவில்லை. வேறு ஏதோ ஒரு குழந்தைக்காவது ஆகட்டும், ஐயா.

இடம்: ராயபுரம்
நாள்: 21.11.2025

ரூஹியின் தாய்,
சு. தாஹிரா