லாரி தெரியாத படம்

கண்ணு பவித்ரா,

உன் கேமராவை எடுத்துவிட்டேன். கோபப்படாதே. பீரோ மேல் துண்டில் சுற்றி வைத்திருந்தாயே, அதை அப்படியே இறக்கி, உன் அம்மா பார்க்காத நேரமாகப் பார்த்து என் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். நீ இருந்தவரைக்கும் அதில் தூசி தட்டக்கூட எங்களை விட்டதில்லை. "லென்ஸ்ல கை வச்ச, அவ்ளோதான்ப்பா" என்று விரலை ஆட்டி மிரட்டுவாய். இப்போது என் கைரேகை படாத இடம் அதில் இல்லை.

உனக்குச் சிரிப்புதான் வரும். உன் அப்பனுக்கு என்ன வேலை? ஒரகடத்தில் கம்பெனி கேட்டில் நின்று, உள்ளே போகிறவர்களின் போனை வாங்கி, கேமரா கண்ணின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிற வேலை. ஊரான் கேமராவையெல்லாம் மூடுகிறவன் வீட்டில் நீ ஒருத்தி கேமரா வாங்கிக்கொண்டு வந்து நின்றாய். வார லீவு வந்தால் உன் கூட்டாளி ஜென்சியோடு செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுவாய். கொக்கு, வலை, சைக்கிளில் மீன் கொண்டுபோகிற ஆள் என்று எதையெதையோ எடுத்துவந்து காட்டுவாய். நானும் தலையை ஆட்டுவேன். ஒரு படத்துக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

நீ போன பிறகு நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

அன்றைக்கு உனக்குக் கம்பெனியில் காலை ஷிப்ட். விடிவதற்கு முன்னால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாய். ஒரகடம் ரோட்டோரத்தில் ஒரு கன்டெய்னர் லாரி நின்றிருந்தது. பின்னால் விளக்கு எரியவில்லை. வெளிச்சம் பட்டால் மின்னுகிற சிவப்பு ஸ்டிக்கர் இல்லை. அடையாளத்துக்கு ஒரு மரக்கிளையைக்கூட ஒடித்துப் போட்டு வைக்கவில்லை. அதன் பின்பக்கத்தில் நீ போய் மோதினாய். இதற்கு மேல் அந்தக் காலையைப் பற்றி எழுத என்னால் முடியாது.

ஸ்டேஷனில் என்ன எழுதினார்கள் தெரியுமா? நீ அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வண்டி ஓட்டிப் போய், நின்றிருந்த வாகனத்தின் மேல் மோதினாயாம். நீயா அஜாக்கிரதை? ஹெல்மெட் பட்டையை இழுத்துப் பார்க்காமல் தெருமுனைக்குக்கூடப் போகாதவள் நீ. நாங்கள் போட்ட நஷ்டஈட்டுக் கேஸ் கோர்ட்டில் நடக்கிறது. லாரியின் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீலும் அதையேதான் பாடுகிறார். லாரி நன்றாகத் தெரிந்திருக்கும், பெண் போனைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கும் என்கிறார். நஷ்டஈடு வந்தால் வரட்டும், வராமல் போனால் போகட்டும். உன் பேருக்குப் பக்கத்தில் அந்த 'அஜாக்கிரதை' நிற்கக்கூடாது பாப்பா. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

உன் அம்மாவின் வேதனை வேறு. "லாரி நல்லா தெரிஞ்சிருக்கும்னு சொல்றாங்களே, அப்போ கொழந்த அத்தப் பாத்துக்கினேதான் போயி மோதிச்சா? கத்திச்சா? அம்மான்னு கூப்டுச்சா?" சோறு போடும்போது கேட்பாள். துணி மடித்துக்கொண்டே கேட்பாள்.

நம் வக்கீல் அம்மா நல்ல மாதிரி. ஆனால் அவரும் கையை விரித்தார். "அந்த எடம் கும்மிருட்டுன்னு வாயால சொன்னா எடுபடாதுங்க. படம் இருந்தா காட்டிப் பேசலாம்" என்றார். என் போனில் எடுத்துப் பார்த்தேன். சேற்றைக் கரைத்து ஊற்றின மாதிரி வந்தது. அப்போதுதான் பீரோ மேல் இருந்த உன் கேமரா ஞாபகத்துக்கு வந்தது.

ஜென்சியிடம் போனேன். கம்பெனியில் உனக்குப் பக்கத்தில் நின்று அதே லைனில் வேலை செய்தவள், உன்னோடு ஏரிக்கரை சுற்றினவள், அவளுக்குத் தெரியாததா? அங்கிள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பெண், சாவு வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். எந்தப் பட்டனை அமுக்க வேண்டும், எதைத் திருகக் கூடாது என்று காட்டிக் கொடுத்தாள். கேமராவை நிறுத்துகிற உன் முக்காலியும் அவளிடம்தான் இருந்தது. அதையும் கொடுத்தாள். முதல் நாள் நான் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே படம் படமாக எடுத்துத் தள்ளிவிட்டு, கேமரா செத்துப்போச்சு என்று அவளுக்குப் போன் போட்டேன். சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக அழவும் செய்தாள்.

அப்புறம் ஒருநாள் விடியற்காலையில் தனியாகவே கிளம்பினேன். அந்த இடத்தில் இன்றைக்கும் ஏதாவது ஒரு லாரி நிற்காமல் இருப்பதில்லை. அதே போல விளக்கில்லாத ஒரு லாரி நின்றது. முக்காலியை வைத்து, எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்கிற ஆட்டோவில் போட்டு அமுக்கினேன். கேமரா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சத்தம் கொடுத்தது. படத்தைப் பார்த்ததும் என்னால் நம்பவே முடியவில்லை. கன்டெய்னர் மேல் ஒட்டின மண் தெரிகிறது, நம்பர் தெரிகிறது, ஓரத்துப் புல் தெரிகிறது. நானா எடுத்தேன்? ஸ்ரீபெரும்புதூரில் ஸ்டுடியோவுக்குப் போய்ப் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன்.

அந்த வாரத்தில்தான் இன்சூரன்ஸ் தரப்பிலிருந்து விசாரிக்க ஒருவர் வீட்டுக்கு வந்தார். இடம் இதுதான் சார், நீங்களே பாருங்கள் என்று படத்தை எடுத்து நீட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா எடுத்திருக்கீங்க சார். இன்னொரு காப்பி கெடைக்குமா?" என்றார். கேட்டதுதான் தாமதம், கையிலிருந்ததையே கொடுத்துவிட்டேன். காபியும் கொடுத்தேன்.

அடுத்த வாய்தாவில் அந்தப் படம் அவர்கள் வக்கீல் கையில் இருந்தது. "இறந்துபோன பெண்ணின் தகப்பனாரே அதே இடத்தில், அதே நேரத்தில் எடுத்த படம். லாரி எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, பாருங்கள்" என்று தூக்கிக் காட்டினார். பெற்றவனே போய்ச் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. வெளியே வந்ததும் வக்கீல் அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. தண்ணி பாட்டிலை நீட்டினார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

அன்றைக்கே கேமராவைக் கிணற்றில் போட்டிருப்பேன். ஜென்சிதான் கையைப் பிடித்தாள். "அது கண்ணு மாதிரி இல்லப்பா. இருட்டுல ஷட்டர ரொம்ப நேரம் தொறந்து வச்சிக்கினு, இருக்கற கொஞ்சூண்டு வெளிச்சத்தையும் சேத்துக்கும். அது பாக்கறத நம்மளால பாக்க முடியாது. ஆட்டோவ வுடுங்க. நீங்களே வச்சி எடுங்க" என்றாள்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். எனக்கு வேண்டியது நல்ல படம் இல்லை. கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு மட்டும் தெரிகிற படம். குளியலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலுக்குச் சாக்கு கட்டி, உள்ளே பக்கெட்டை வைத்து எடுத்துப் பழகினேன். ஷட்டர் திறந்திருக்கிற நேரத்தைக் குறைத்தால் பக்கெட்டே காணாமல் போகும். வெளிச்சத்தைக் கூட்டுகிற ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் குழாயில் துரு வரைக்கும் தெரியும். படத்தைப் பார்ப்பது, பக்கெட்டைப் பார்ப்பது, மறுபடி படத்தைப் பார்ப்பது. இரண்டும் ஒன்றாகிற வரைக்கும் திருகிக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் உன் அம்மா கதவைத் தட்டினாள். "உள்ள இன்னாய்யா டக்கு டக்குனு சத்தம்?" திறந்தேன். கையில் கேமராவைப் பார்த்துவிட்டாள். அதை வாங்கி, முந்தானையால் துடைத்து, என்னிடமே கொடுத்தாள். "அவ வச்சிருந்த பொருளு. ஒடச்சிடாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். எதற்காக எடுக்கிறாய் என்று கேட்கவில்லை. படங்களைக் காட்டவா என்றால், வேண்டாம் என்று தலையை ஆட்டுவாள்.

பழகிக்கொண்டு போய் அந்த இடத்தை எடுத்தேன். என் கண்ணுக்குத் தெரிந்த மாதிரியே வந்தது. ஆனால் வக்கீல் அம்மா உதட்டைப் பிதுக்கினார். "நீங்க வேணும்னே இருட்டாக்கிட்டீங்கன்னு சொல்லுவாங்களே. கறுப்புத் தாளக் காட்டி ரோடுன்னு சொல்றீங்களான்னு கேப்பாங்க." அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. வெளிச்சமாக எடுத்தால் உன் மேல் தப்பு. இருட்டாக எடுத்தால் என் மேல் தப்பு. அப்படியென்றால் நடந்ததை எப்படித்தான் காட்டுவது?

வழி எனக்குக் கேட்டில்தான் கிடைத்தது. உள்ளே வருகிற லாரிகளைத்தானே நாளெல்லாம் பார்க்கிறேன். பின்னால் சிவப்புப் பட்டை ஒட்டின வண்டிமேல் எந்த வெளிச்சம் பட்டாலும் பளிச்சென்று தெரியும். ஒட்டாத வண்டி பக்கத்தில் வந்தால்தான் தெரியும். அந்த மாதிரி இரண்டு லாரியும் ஒரே படத்தில் விழுந்தால்? ஒன்று தெரிந்து ஒன்று தெரியாமல் இருந்தால், நான் இருட்டாக்கினேன் என்று எவன் சொல்ல முடியும்?

அப்படி இரண்டு லாரி ஒன்றாக நிற்க வேண்டுமே. ஜென்சிக்கும் எனக்கும் ஷிப்ட் ஒத்துவருகிற நாளிலெல்லாம் போய்க் காத்திருந்தோம். அவள் ஸ்கூட்டரும் உன்னுடைய மாடல்தான். அதன் விளக்கைத்தான் லாரிமேல் அடிக்க வேண்டும். இரண்டுமே பட்டை ஒட்டினதாக இருக்கும், இல்லை இரண்டுமே ஒட்டாததாக இருக்கும். மழைக்காலம் வேறு வந்துவிட்டது. கடைசியில் ஒருநாள் அமைந்தது. பட்டை இல்லாதது ரோட்டை ஒட்டி நின்றது. பட்டை ஒட்டினது பக்கத்துச் சர்வீஸ் ரோட்டில் நின்றது. பின்பக்கம் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வரிசை.

முக்காலியை விரிக்கும்போதே ரோட்டை ஒட்டி நின்ற வண்டியிலிருந்து டிரைவர் இறங்கி வந்தார். நாமக்கல் பக்கத்து ஆள். "ஏனுங்க, எதுக்குங்க படம் புடிக்கறீங்க? பைன் போடறதுக்குங்களா?"

"இல்லப்பா. எம்பொண்ணு இந்த மாரி நின்னுக்கினு இருந்த வண்டிலதான் மோதி செத்துப்போச்சி."

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "நாங்க என்னங்க பண்றது? நேரம் ஆனாத்தான் கம்பெனிக்குள்ள உடுவாங்க. கேட்டுக்கிட்ட நிறுத்துனா செக்யூரிட்டி தொரத்தி உடறாரு. ராத்திரி பூரா லைட்டப் போட்டா பேட்டரி எறங்கிருமுங்க. வேற எங்கதான் நிறுத்தறது, சொல்லுங்க."

நான் எந்த வேலை பார்க்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லலாம். எங்கள் கேட்டிலும் அதே உத்தரவுதான். 'ரோட்ல போயி நில்லு' என்று நானும் கையைக் காட்டித்தான் அனுப்புகிறேன். அனுப்பாவிட்டால் என் இடத்தில் வேறொருவன் நின்று அனுப்புவான். இதற்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது பாப்பா?

நான் எடுத்து முடிக்கிற வரைக்கும் அந்த டிரைவர் வண்டியை நகர்த்தாமல் நின்றார். ஜென்சி ஸ்கூட்டர் விளக்கைப் போட்டாள். நான் படத்தையும் ரோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துத் திருகினேன். "இப்போ சரியா இருக்குதா?" என்று அவளைக் கேட்டேன். குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள். "இதான்ப்பா. அப்பிடியே கீது" என்றாள். அமுக்கினேன். நாங்கள் கிளம்பும்போது டிரைவர் ஏறிப் போய் இன்டிகேட்டரைப் போட்டுவிட்டார்.

படத்தில் இடது பக்கம் சிவப்புப் பட்டை பளபளவென்று நிற்கிறது. அதற்குக் கீழே சக்கரம்கூடக் கொஞ்சம் தெரிகிறது. வலது பக்கத்தில் ஸ்கூட்டர் வெளிச்சம் விழுந்த தார், வெள்ளைக்கோடு, அதற்கப்புறம் இருட்டு. அவ்வளவுதான். ரோடு காலியாகக் கிடக்கிறது என்று நினைத்து எவரும் நேராகப் போவார்கள். நீ கடைசியாகப் பார்த்தது இதுதான் என்று எனக்கு அங்கே நின்றபோதே தெரிந்துவிட்டது. வக்கீல் அம்மா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இத வச்சுப் பேசறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவைக் கூப்பிட்டேன். வேண்டாம் என்றுதான் தலையை ஆட்டினாள். விடாமல் பக்கத்தில் உட்காரவைத்துக் கேமராவைக் கையில் கொடுத்தேன்.

"ஒரு லாரி நிக்குது. அதுக்கின்னா இப்போ?"

"ரெண்டு நிக்குது. இன்னொண்ணு இந்தாண்ட."

கேமராவை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். விலக்கிப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "எங்கய்யா? இங்க ஒண்ணுமே இல்லியே."

"கீது. அவ மோதன வண்டி மாரியே ஒண்ணு. நேர்ல நின்னு பாத்தாலும் இப்டிதான். கிட்டப் போற வரிக்கும் தெரியாது."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அப்போ கொழந்த அத்தப் பாக்கவே இல்லியா?"

"இல்ல."

"பயந்திருக்காது?"

"பயப்பட நேரமே இல்ல. காலி ரோடுன்னு நெனச்சிக்கினு போயிருக்கா."

கேமராவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "பயப்படல, எம்பொண்ணு பயப்படல" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நானும் அழுதேன். நீ போனதிலிருந்து அவள் ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலுமாகத்தான் அழுதிருக்கிறோம். ஒன்றாக உட்கார்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

வாய்தா தள்ளிப்போகிறது. இன்னும் தள்ளிப்போகும். ஜட்ஜு மாறுவார், வக்கீல் மாறுவார், நான் போய்க்கொண்டே இருப்பேன். அந்தத் தாளில் உன் பேரை வைத்து என்ன எழுதினார்களோ, அதை அடிக்கவைத்து, இந்தப் பெண்ணால் பார்த்திருக்க முடியாது என்று எழுதவைக்கிற வரைக்கும் விடமாட்டேன் பாப்பா. இது உன்மேல் சத்தியம்.

உனக்குப் பேர் வைத்தவன்,
அந்தப் பேரைக் காப்பாற்றியே தீருவேன் என்று நிற்கிற
உன் அப்பா