இடது ஓரம்

ஜூன் 4

அன்புள்ள வேன்காரிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நம் புகைப்படக் குழுவின் தபால் உறை நேற்றுதான் சுற்றி வந்து என் கிளினிக்கில் இறங்கியது. ஆறு பேர் படங்களும் இருந்தன. உன்னுடையதைத்தான் முதலில் எடுத்தேன், மற்றவர்களிடம் சொல்லிவிடாதே.

சலவைக் கடைப் படம் அபாரம். ஈரத் துணியை உதறும் அந்தப் பெண்ணின் முழங்கையில் வெளிச்சம் வந்து நிற்கிறதே, அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார், பாவம். ஆனால் இடது ஓரத்தில் பாதி ஆள் நிற்கிறார். ஒரு காது, ஒரு தோள், அவ்வளவுதான். படிக்கட்டுப் படத்தில் அதே பக்கம் குப்பைக் கூடை. போன மாதம் சைக்கிள் சக்கரம். அழுத்துவதற்கு முன்னால் ஓரங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிடு. இவ்வளவு நன்றாக எடுத்துவிட்டு ஏன் அவசரப்படுகிறாய்? உறையோடு சுற்றும் குழுத் தாளிலும் இதைத்தான் எழுதியிருக்கிறேன்.

உன்,
பல்காரி


ஜூன் 15

பல்காரிக்கு,

கோபமாக இருக்கிறேன், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நான் பார்த்துத்தான் அழுத்தினேன். அழுத்தும்போது அங்கே யாரும் இல்லை. பிரிண்ட் போட்ட பிறகு எங்கிருந்தோ வந்து நிற்கிறார்கள் என்றால் நான் என்ன செய்ய?

பதினோரு வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். இருபத்திரண்டு பிள்ளைகள். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. எனக்கு ஓரம் பார்க்கத் தெரியாது என்று நீ எழுதியதை எல்லோரும் படித்தாயிற்று. குழுவில் இருக்கும் நம் தையற்கடை அண்ணன் போன் பண்ணி, "என்னம்மா, மறுபடியும் லெஃப்டா?" என்று சிரிக்கிறார். நல்லெண்ணத்தில் சொல்கிறாய், தெரியும். இருந்தாலும் மாதாமாதம் ஒரே இடத்தில் குத்தினால் வலிக்காதா?

அடுத்த உறையில் என் படம் இருக்காது. கொஞ்ச நாள் என்னை விட்டுவிடு.

வேன்காரி


ஜூன் 21

என் வேன்காரிக்கு,

போனை நீ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவசரப்படுகிறாய் என்றது என் தப்பு. குழுத் தாள் திரும்பி வந்ததும் அந்த வரியை அடித்துவிடுகிறேன். ஆனால், "அழுத்தும்போது அங்கே யாரும் இல்லை" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

நீ எனக்கு அனுப்பிவைத்த இரண்டு வருஷத்துப் படங்களையும் பெஞ்சில் பரப்பினேன். போன வருஷக் கடைசி வரை ஓரங்கள் துடைத்துவைத்த மாதிரி இருக்கின்றன. அதற்குப் பிறகுதான் இந்தத் தொந்தரவு. அதுவும் இடது பக்கம் மட்டும். வலது பக்கம் ஒரு பிசகும் இல்லை. அவசரக்காரி என்றால் இரண்டு பக்கமும் கோட்டை விட்டிருப்பாள்.

கேமராவில் எந்தக் கண்ணை வைக்கிறாய்? வலதுதானே? இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நேராக ஓர் இடத்தைப் பார். எனக்குப் பல்லைத் தவிர ஒன்றும் தெரியாது. இது வெறும் பயமாகவே இருக்கட்டும். ஆனாலும் கண் டாக்டரிடம் போ. என்னோடு பேசாவிட்டால் பரவாயில்லை, போய்விட்டு வா.

பல்காரி


ஆகஸ்ட் 9

அன்புள்ள பல்காரிக்கு,

உன் கடிதத்தைப் பாதி படித்துவிட்டு வண்டியிலேயே போட்டுவைத்திருந்தேன். ஒரு மத்தியானம் பள்ளி விடக் காத்திருந்தபோது மீதியைப் படித்தேன். சும்மா பார்ப்போமே என்று இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பள்ளியின் வாசல் கம்பத்தைப் பார்த்தேன். கம்பத்துக்கு இடது பக்கம் நின்ற வாட்ச்மேனைக் காணோம். கையை எடுத்தால் நிற்கிறார். பொத்தினால் வெறும் சுவர். நாலைந்து முறை செய்தேன். என்னம்மா, கண்ணில் தூசியா என்று அவரே வந்து கேட்டார்.

அன்றைக்கு நான் வண்டியை எடுக்கவில்லை. தம்பியை வரவழைத்து ஓட்டச் சொல்லிவிட்டு, பிள்ளைகளோடு பின்னால் உட்கார்ந்து வந்தேன்.

மறுநாளே கண் டாக்டரிடம் போனேன். கண்ணுக்குள் அழுத்தமாம். வலது கண்ணில் போன பார்வை போனதுதான். இடது கண்ணில் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, சொட்டு மருந்தால் நிறுத்திவிடலாம் என்கிறார் டாக்டர். "இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா இந்தக் கண்ணுக்கும் அதே கதிதான். வலியே இருக்காதே, யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டார். பல் டாக்டர் என்றேன். மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

உண்மையைச் சொல்கிறேன். முதல் வாரம் உன்மேல்தான் ஆத்திரம். நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பேனே என்று. உடனே அந்த இருபத்திரண்டு முகங்களும் வரும்.

நான் இனி ஓட்டலாமா என்று வருகிற செவ்வாய்க்கிழமை கண் ஆஸ்பத்திரியில் பரிசோதித்துச் சொல்வார்கள். கூட வருகிறேன் என்றாள் மகள். வேண்டாம், பல்காரியைக் கூப்பிடப் போகிறேன் என்றேன். "நீங்க ரெண்டு பேரும் நேர்ல பார்த்ததே இல்லையேம்மா" என்றாள். ஆறு வருஷமாக எழுதுகிறோம், எனக்கு அது நினைவே இல்லை.

வருவாயா?

உன்,
வேன்காரி


ஆகஸ்ட் 12

என் வேன்காரிக்கு,

செவ்வாய்க்கிழமை ஆட்களை எல்லாம் வியாழனுக்குத் தள்ளிவிட்டேன். கடைவாய்ப் பல் வலிக்காரர் ஒருவர் மட்டும் முறைத்தார்; அவருக்கு நாளைக்கே பிடுங்கிவிடுகிறேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி பஸ்ஸில் வந்து இறங்குவேன். குட்டையாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, எல்லோர் வாயையும் பார்த்துக்கொண்டு ஒருத்தி வந்தால் அது நான்தான்.

அவர்கள் என்ன சொன்னாலும் சேர்ந்தே கேட்போம். ஓட்டலாம் என்றால் பஸ் நிலையம் வரை நீ என்னை வேனில் கொண்டுவிடு. வேண்டாம் என்றுவிட்டால் நடந்தே போவோம். எனக்கு ஊர் திரும்ப அவசரமில்லை.

உன்,
பல்காரி